சூரியன் படம் போட்ட மாத்திரை கவர்

இன்னைக்கு ஒரு மாத்திரை கவரைப் பத்தி கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். வீட்டுல சர்க்கரைக்கு மாத்திரை போடுறவங்க இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. (சம்பந்தப்பட்ட அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.)

நீடாமங்கலத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்கள் நிறைய. கவரில் 1-0-1 என்று எழுதிக் கொடுத்தால் யாருக்குப் புரியும்? அதனால் நானே ஒரு டிசைன் பண்ணினேன். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. ரப்பர் ஸ்டாம்ப் செய்து கவர் கவராகக் குத்தி வைத்தோம். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. பார்க்க வந்த டாக்டர் நண்பர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

சம்பா நடவு சமயம். ஒருநாள் காலை பத்து மணி வாக்கில், ஐம்பது வயசு தாண்டிய ஓர் அம்மாவை பைக்கில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். நட்டுக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாராம். எங்க ஊர் ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லவே வேண்டாம். கேட் போட்டாச்சு. கூட்ஸ் வண்டி முன்னே போகுது, பின்னே வருது. கேட் பக்கத்து டீக்கடைக்காரர் அந்தம்மா முகத்தைப் பார்த்துட்டு, "சுகர் உள்ளவங்களா?" என்று கேட்டு, நாலு ஸ்பூன் சீனி போட்டு ஆற்றிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு உயிரைக் காப்பாற்றியது அவர்தான், நான் இல்லை.

(நினைவோடு, விழுங்குகிற நிலையில் இருந்ததால் அது சரி. மயங்கிக் கிடப்பவர் வாயில் தயவுசெய்து எதையும் ஊற்றாதீங்க. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.)

டீ குடித்து வந்த பிறகும் சர்க்கரை 56. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அவர் போடுவது கிளிமிபிரைடு. இந்த வகை மாத்திரையில் ஒருமுறை ஏற்றிவிட்டாலும் சர்க்கரை மறுபடி இறங்கும் என்பதால் மறுநாள் வரைக்கும் கண்காணிப்பிலேயே வைத்திருந்தோம்.

தெளிந்ததும் கேட்டேன்.

"மாத்திரைய எப்பம்மா போட்டீங்க?"

"நீங்கதானேய்யா சூரியன் படம் போட்டுக் குடுத்தீங்க. சூரியன் கிளம்பையில போட்டேன்."

"சாப்பாடு?"

"அது கரையேறித்தான்."

கரையேறுறதுன்னா, நடவு ஆட்கள் வயலை விட்டு வரப்பில் ஏறி, தூக்குவாளியைத் திறந்து பழைய சோறு சாப்பிடுகிற நேரம். பத்து, பத்தரை ஆகிடும். கிளிமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலின் சுரக்க வைக்கும். சோறு வருதா வரலையா என்று பார்க்காது. ஆறு மணிக்கு மாத்திரை, அப்புறம் நாலு மணி நேரம் வெறும் வயிற்றில் குனிந்து நடவு. கோடையில் வீட்டிலிருந்த வரை ஒன்றும் ஆகவில்லை. நடவு ஆரம்பித்ததும் விழுந்துவிட்டார்.

நான் சூரியன் வரைந்தபோது என் மனசில் இருந்தது எட்டு மணி இட்லி. அது என் வீட்டுக் காலை. அந்தம்மா நான் சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறார். அச்சே தப்பு.

ஸ்கேன் இயந்திரங்களை வடிவமைத்த டக் டீட்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. தான் செய்த எம்ஆர்ஐ இயந்திரத்தைப் பெருமையாகப் பார்க்கப் போன இடத்தில், ஒரு சின்னப் பெண் அதைக் கண்டு பயந்து அழுதாள். அதற்கப்புறம் குழந்தைகள் நடுவே போய் உட்கார்ந்து கவனித்தார். இயந்திரத்தின் உள்ளே எதையும் மாற்றவில்லை. சுவரிலும் தரையிலும் படம் ஒட்டி, கடற்கொள்ளையர் கப்பலாக்கி, ஊழியர்களுக்குச் சொல்ல ஒரு கதையும் கொடுத்தார். மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டிய குழந்தைகள் குறைந்தார்கள்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 1976-இல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரை அறுவை சிகிச்சை இலவசம் என்று சொன்ன பிறகும் கிராமங்களில் பலர் வரவில்லை. ஏன் என்று போய்க் கேட்டபோதுதான் பஸ் செலவு, சாப்பாடு, போகிற கூலி, பயம் எல்லாம் வெளியே வந்தது. முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவிடும் ஏற்பாடு அப்படி வந்ததுதான். அவங்க போய்க் கேட்டாங்க. நான் கேட்காம ஸ்டாம்ப் குத்தினேன்.

சரி, கதைக்கு வரேன். ஸ்டாம்பைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, பழைய கவரில் பேனாவால் வரைய ஆரம்பித்தோம். இந்தத் தடவை கொடுப்பதற்கு முன்னாடி, காத்திருப்பவர்களிடம் காட்டி "இது என்ன?" என்று கேட்டோம். முதலில் ஒரு தட்டு. ஒரு பெரியவர் உற்றுப் பார்த்துட்டு, "பௌர்ணமிக்கு மட்டும் போடணுமா?" என்றார். எங்க கம்பவுண்டர் பொண்ணு சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

அப்புறம் அவளேதான் தூக்குவாளி வரைந்தாள். நடவு, களை எடுக்கப் போகிற பெண்கள் பார்த்ததுமே சொல்லிட்டாங்க: "கரையேறி, வாளியத் தொறக்கையில." ஆனால் லோடு ஏற்றும் ஆண்களுக்கு அது பொருந்தவில்லை. அவர்கள் கடையில் டிபன் சாப்பிடுகிறவர்கள். ஆக, எல்லோருக்கும் ஒரே படம் என்ற யோசனையையே விட்டாச்சு. இப்போ மாத்திரை கொடுக்கும் முன் "முதல் சாப்பாடு எங்க, எப்போ?" என்று கேட்கிறோம். பதிலுக்குத் தகுந்த படம். வாங்கினவர் எப்படிப் போடுவார் என்று திருப்பிச் சொல்லிக் காட்டணும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலாகத்தான் ஆகுது. வெளியே முணுமுணுப்பும் இருக்கு.

நீங்களும் ஒன்று செய்யுங்க. உங்க அம்மாவிடம் "மாத்திரை போட்டியா?" என்று கேட்காமல், "போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்க. இடைவெளி அதிகம்னா உங்க டாக்டரிடம் சொல்லுங்க. நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க.

அந்தம்மா போன வாரம் வந்திருந்தார். கவரை தூக்குவாளியோடு ஒயர்கூடையிலேயே வைத்துக்கொண்டு போகிறாராம். சர்க்கரை பரவாயில்லை. ஒரு குறை மட்டும் சொன்னார்: சேத்துக் கையைக் கழுவிட்டு எடுக்கையில், ஈரம் பட்டுப் படம் கரையுது. இப்போ பென்சிலில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.