நாலு ஓட்டையும் ஒரு குடையும்

ஊரே ஸ்ட்ரீமிங்குல படம் பாத்துக்கிட்டு இருக்கும்போது டிஷ் ஆண்டெனாவைப் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க மக்களே. வாடகை வீட்டு பால்கனியில கொஞ்சம் பெரிய குடை ஒண்ணு மாட்டணும்னு எங்க வீட்ல முடிவெடுத்தோம். அதுல பூகோளம், இயற்பியல், பிசினஸ் லா, ஹவுஸ் ஓனர், புயல் எல்லாமே வந்துடுச்சு. பி.காம். படிக்கிறவன் இயற்பியல் பேசுறதைக் கொஞ்சம் பொறுத்துக்கணும் :)

முதல்ல எதுக்கு இந்தக் குடைன்னு சொல்லிடறேன். அப்பா 2023-ல ரிட்டையர் ஆனார். நெய்வேலியில ரிட்டையர்மெண்ட்னா வேலையோட வீடும் போகும். பிளாக், குவார்ட்டர்ஸ், வாசல்ல பலா மரம், பின்னாடி முருங்கை எல்லாத்தையும் விட்டுட்டு ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகர் பக்கம் வாடகைக்கு வந்தோம். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆயாவுக்கு (அப்பாவோட அம்மா) இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆனவங்க. இந்த வீட்டுக்கு நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வந்தோம். அதுக்கப்புறம் அவங்க தெருவைப் பாக்கவே இல்லை. குவார்ட்டர்ஸ்ல திண்ணையில உக்காந்தா போற வர்ற பத்து பேர் பேசுவாங்க. இங்க அவங்களுக்குத் தெருன்னா அது டி.வி.தான்.

மழைக்காலம் வந்தா அந்தத் தெருவும் போயிடும். ஐப்பசி மழை கொஞ்சம் வலுத்தாலே திரையில கட்டம் கட்டமா உடையும், அப்புறம் 'சிக்னல் இல்லை'. "வானத்துல ஒரு மாடு கத்துனாக்கூட நின்னுடுதே"ன்னு ஆயா சொல்லுவாங்க. போனைக் குடுத்துடுன்னு சிலர் யோசனை சொன்னாங்க. கண்ணுல புரை எடுத்தவங்க, விரல் நடுங்கும். அந்தச் சின்ன கண்ணாடியை அவங்க தொட்டா யாருக்காவது வீடியோ கால் போயிடுது.

சரி, மழை பெஞ்சா ஏன் நிக்குது? வீட்டு டிஷ்ஷுக்கு வர்றது கியூ பேண்ட் அலை. அலைநீளம் ரெண்டரை, மூணு சென்டிமீட்டர்தான். மழைத்துளிங்க அதை உறிஞ்சும், சிதறடிக்கும். அந்தக் காலத்து கேபிள் டி.வி. காரங்க மொட்டை மாடியில எட்டடி, பத்தடி, பன்னெண்டடின்னு வலைக் குடை வச்சிருந்தாங்களே, அது சி பேண்ட். அதோட அலைநீளம் ஏழெட்டு சென்டிமீட்டர், மழையைப் பெருசா மதிக்காது. ஆனா குடை பெருசா வேணும். 1993 ஏப்ரல்ல சன் டி.வி. ஆரம்பிச்சப்போ தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு அது வந்து சேர்ந்தது இந்த மாதிரி பெரிய குடைங்க வழியாத்தான். 2004 டிசம்பர்ல தூர்தர்ஷன் 'டி.டி. டைரக்ட் பிளஸ்'னு மாசக் கட்டணமே இல்லாத சேவையைக் கொண்டு வந்துச்சு. 2014-ல அதுக்கு 'டி.டி. ஃப்ரீ டிஷ்'னு பேர் மாத்துனாங்க. நாங்க வச்சிருக்கிறது அதுதான். ஆகாசவாணி ரேடியோவும் அதுலயே வரும். ஆயாவுக்கு 'பொதிகை'. அது 2024 ஜனவரியில 'டி.டி. தமிழ்' ஆயிடுச்சுன்னு எத்தனை தடவை சொன்னாலும் அவங்களுக்கு அது பொதிகைதான்.

மழைக்கு ஒரே மருந்து, அலையை இன்னும் நிறைய அள்ளுறது. ரெண்டடிக் குடையை, அதாவது 60 செ.மீ., எடுத்துட்டு மூணடி, 90 செ.மீ. குடை போட்டா பரப்பளவு ஒன்றரை மடங்கு இல்லை, ஒன்றரையோட வர்க்கம், அதாவது 2.25 மடங்கு. டெசிபல்ல சொன்னா மூன்றரை. சாதாரண மழையைத் தாண்ட இது போதும். கொட்டோ கொட்டுன்னு கொட்டுற மழையில பெரிசும் படுத்துக்கும், அது வேற.

இங்கதான் பூகோளம் வந்து குறுக்க நிக்குது. ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15 செயற்கைக்கோள்ல. 2015 நவம்பர்ல பிரெஞ்சு கயானாவுல இருந்து ஏவுனாங்க. பூமத்திய ரேகைக்கு மேல 36,000 கி.மீ. உயரத்துல, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில நிக்குது. நெய்வேலி இருக்கிறது அட்சரேகை பதினொன்றரை, தீர்க்கரேகை எழுபத்தொன்பதரை. கணக்குப் போட்டா அது நமக்குத் தென்கிழக்குல, அடிவானத்துல இருந்து 69 டிகிரி உயரத்துல இருக்கு. கிட்டத்தட்ட உச்சந்தலை மாதிரி. லண்டன்ல இருக்கிறவங்களுக்கு அவங்க செயற்கைக்கோள் தாழ்வாத் தெற்குப் பக்கம் தெரியும். பால்கனிக்கு உள்ளேயே டிஷ்ஷை வச்சிடலாம். நமக்கு மேல் மாடியோட தளமே குறுக்க வந்துடும்.

பாக்கிற எல்லாரும் இதுல ஏமாறுவாங்க. "எதிர்ல வேப்ப மரம் மறைக்குதே தம்பி"ன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. குடை பாக்கிற மாதிரி தெரியுற இடத்தை அது நிஜமா பாக்கிறதில்லை. எல்.என்.பி. கீழ்ப் பக்கமாத் தள்ளி இருக்கிற ஆஃப்செட் குடை, முகம் காட்டுற திசையை விட இருபது டிகிரிக்கு மேல மேல்நோக்கித்தான் பாக்கும். வேப்ப மரம் பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

எங்க பால்கனி கிழக்குப் பாத்தது. மேல் தளம் குடையோட மையத்துல இருந்து அஞ்சடி உயரத்துல. நோட்டுல படம் போட்டுப் பாத்தேன். சின்ன குடைன்னா மையம் பால்கனி விளிம்புல இருந்து அரை அடி உள்ளே இருந்தாலும் சமாளிக்கும். பெரிய குடைன்னா மையமே விளிம்புக்கு வரணும். அப்படின்னா பாதிக் குடை தெருவுக்கு மேல தொங்கும்.

தெருவுக்கு மேல தொங்குற பொருளுக்குக் காத்துதான் எமன். 100 கி.மீ. வேகக் காத்துல ரெண்டடிக் குடையில விழுற விசை சுமார் 16 கிலோ எடைக்குச் சமம். மூணடிக் குடையில 36 கிலோ. 140 கி.மீ.ன்னா எழுபது கிலோ, ஒரு ஆளு அதைப் பிடிச்சுத் தொங்குற மாதிரி. கடலூர் மாவட்டத்துல இது வெறும் கணக்கு இல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை கடந்தப்போ காத்து 140 வரைக்கும் போச்சு. பண்ருட்டி பக்கம் தலைமுறை தலைமுறையா நின்ன பலா மரமும் முந்திரியும் வேரோட சாஞ்சது. பலாவையே சாய்ச்ச காத்துக்குத் தகரக் குடை எம்மாத்திரம்?

இப்போ ஹவுஸ் ஓனர். அவரும் சுரங்கத்துல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர்தான். அப்பா தன்னோட பி.எஃப். பணத்தை அக்கா கல்யாணத்துலயும் என் படிப்புலயும் போட்டார். ஓனர் அங்கிள் தன்னோடதைச் செங்கல்லுல போட்டார். வித்தியாசம் அவ்வளவுதான். "நாலு ஆங்கர் போல்ட் அடிக்கணும் அங்கிள்"னு நான் கேட்டதும் அவர் முகம் மாறிடுச்சு.

"தம்பி, ஓட்டை போட்டா ஓதம் இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். நீங்க காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க, ஓட்டை என்கூடத்தானே இருக்கும்?"

வீட்டுக்கு வந்து அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், "முப்பத்தி நாலு வருஷம் ஒரு பக்கெட்ல 1400 லிட்டர் மண்ணை அள்ளுற மெஷினோட நின்னேன்டா. இன்னைக்கு நாலு ஓட்டைக்கு ஒருத்தர்கிட்ட பர்மிஷன்." அதுல கோவம் இல்லை. ஆனா எனக்குக் கேக்க கஷ்டமா இருந்துச்சு. குவார்ட்டர்ஸும் நம்ம வீடு இல்லைதான். ஆனா அங்க பைப்பைத் தோட்டத்து மண்ணுல நட்டோம், யாரும் ஒண்ணும் கேக்கலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு புத்தகத்தைப் புரட்டினேன். 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108. வாடகைக்கு இருக்கிறவர் தான் பொருத்தின பொருளை, இடம் தன் கையில இருக்கிற வரைக்கும் கழட்டி எடுத்துக்கலாம். ஆனா இடத்தை வாங்கினப்போ இருந்த மாதிரியே திருப்பிக் குடுக்கணும். உரிமையாளர் சம்மதம் இல்லாம நிரந்தரக் கட்டுமானம் எதுவும் எழுப்பக் கூடாது. குடை நிரந்தரக் கட்டுமானம் இல்லைன்னு வாதாடலாம். ஆனா ஓட்டையைக் கழட்டி எடுத்துட்டுப் போக முடியாதே! அங்கிள் சட்டம் படிக்காமலே சட்டத்தைச் சொல்லியிருக்கார்.

வெளிநாட்டுல இதே சண்டை பெரிய பெரிய கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. ஜெர்மனியில ஒரு துருக்கி நாட்டுக் குடித்தனக்காரரோட டிஷ் வழக்குல 1994 பிப்ரவரியில அரசியல் சட்ட நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லுச்சு. தாய்நாட்டுச் செய்தியைத் தெரிஞ்சுக்கிற உரிமையையும் வீட்டுக்காரர் சொத்துரிமையையும் தராசுல வச்சுப் பாக்கணும்னாங்க. சுவீடன்ல ஈராக்கைச் சேர்ந்த ஒரு குடும்பம், மூணு பிள்ளைங்க, ஜன்னலோரம் டிஷ் வச்சதுக்காக வீட்டை விட்டே போக வேண்டியதாச்சு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 டிசம்பர் 16-ல, தகவல் பெறுற சுதந்திரம் மீறப்பட்டிருக்குன்னு சொல்லுச்சு. அமெரிக்காவுல ஒரு மீட்டர் வரைக்கும் உள்ள டிஷ்ஷை வாடகைக்காரர் தன்னோட சொந்தப் பால்கனியில வச்சுக்கலாம்னு 1999 ஜனவரியில இருந்து விதி இருக்கு. ஆனா பால்கனியைத் தாண்டி வெளியே நீட்டினா அந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்க பாதிக் குடை அமெரிக்காவுலயும் தேறாது போல!

அந்தத் தீர்ப்புகள்ல எல்லாம் மையமா இருக்கிறது ஒரே விஷயம். டிஷ்ங்கிறது ஆடம்பரமா, இல்லை ஒரு மனுஷனுக்கு உலகத்தோட இருக்கிற ஒட்டா? ஆயாவைப் பாத்தவன் பதில் சொல்ல யோசிக்கவே மாட்டான். ஆனா கீழ போறவன் தலையில விழுந்தா? அதுக்கும் யோசிக்க வேண்டியதில்லை. ரெண்டு பதிலும் சரியா இருக்கிறதுதான் சிக்கலே.

வழி சொன்னவர் டிஷ் மெக்கானிக் அண்ணன். சென்ட்ரிங் வேலைக்குத் தளத்துக்கு முட்டுக் குடுப்பாங்களே, இரும்பு ஜாக்கி. அதுல ஒண்ணைப் பால்கனி ஓரத்துல நிறுத்தி, மேலயும் கீழயும் ரப்பர் வச்சு, தரைக்கும் மேல் தளத்துக்கும் நடுவுல முறுக்கி டைட் பண்ணினார். அதுல ஒரு கையை வெல்டு பண்ணி சுவருக்கு வெளியே குடை. குடையில இருந்து ஜன்னல் கம்பிக்கு ஒரு இரும்புக் கயிறு. ஒரு ஓட்டை கூட இல்லை. பெரிய குடைக்குக் குறி இன்னும் துல்லியமா வேணும். சின்னதுல மூணு டிகிரி அகலம் இருக்கிற பார்வை இதுல ரெண்டு டிகிரிதான். அரை மணி நேரம் நான் உள்ள இருந்து "வந்துச்சு... போச்சு... வந்துச்சு"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். மொத்தச் செலவு மூவாயிரத்துச் சொச்சம்.

அங்கிள் வந்து ஜாக்கியை ரெண்டு கையாலயும் ஆட்டிப் பாத்தார். அசையலை. அப்பா ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தார்: காலி பண்ணும்போது கழட்டிடுவோம், புயல் எச்சரிக்கை வந்தா முந்தின நாளே இறக்கிடுவோம். தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம் 2019-ல அமலுக்கு வந்ததுல இருந்து வாடகை ஒப்பந்தமே எழுத்துலதான் இருக்கணும்ங்கிறது. அந்தப் பேப்பர் எங்க ஒப்பந்தத்தோட பின் போட்டு இருக்கு. ரெண்டு ரிட்டையர்டு ஆளுங்க கையெழுத்துப் போட்டுட்டு, ஷிஃப்ட் கதை பேசி ரெண்டு டம்ளர் காபி குடிச்சாங்க.

அந்த ஐப்பசியில குடை வேலை செஞ்சது. முன்னாடி உடைஞ்சு போற மழையில எல்லாம் படம் நின்னுச்சு. ஆயா ஒண்ணும் பாராட்டலை. டி.வி. ஓடுதேன்னு யார் பாராட்டுவாங்க?

2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல். எழுதிக் குடுத்தபடி 29-ஆம் தேதியே குடையை இறக்கி ஹால் சுவர்ல சாத்தினோம். புயல் 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராம நின்னு கொட்டுச்சு. விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ.க்கு மேல மழை. எங்களுக்குக் கரண்ட்டும் நின்னு போச்சு. செய்தி தெரியாம இருக்கக் கூடாதுன்னு வாங்கின குடை, செய்தி ரொம்பத் தேவைப்பட்ட அன்னைக்கு வீட்டுக்குள்ள நனையாம உக்காந்திருந்துச்சு. ஆயா தலையணைக்கு அடியில இருந்து பழைய டிரான்சிஸ்டரை எடுத்து அப்பாகிட்ட நீட்டினாங்க. இறக்கியாச்சான்னு பாக்க டார்ச்சோட மேல வந்த அங்கிள், குடையைப் பாத்துத் தலையாட்டிட்டு, வானிலை அறிக்கை முடியிற வரைக்கும் ஆயா கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தார்.

அப்போ அந்த மூவாயிரம் வீணான்னு ஒரு நண்பன் கேட்டான். வருஷத்துல புயல் ஒண்ணோ ரெண்டோ நாள். மழை நாற்பது, ஐம்பது நாள். அந்த நாற்பது நாளும் எங்க வீட்ல ஒருத்தருக்குத் தெரு இருக்கு. காமர்ஸ் பையன் கணக்குல இது லாபம்தான்.

வாடகை வீட்ல இருக்கிற மக்களுக்கு ஒரு வார்த்தை. டிரில்லிங் மெஷினை எடுக்கிறதுக்கு முன்னாடி பேப்பரையும் பேனாவையும் எடுங்க. ஜாக்கி எங்க கிடைக்கும்னு சென்ட்ரிங் வேலை செய்றவங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. உங்க வீட்டு ஓனர் ஓட்டை போட விடுவாரா?