கூம்பிய விழியும் காலக்கணிப்பும்

விழிவெண்படலம் மெலிந்து கூம்பாய்ப் பிதுங்கும் கெரற்றோகோனஸ் நோய் இளமையிலேயே பார்வையைக் குலைப்பது. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் அதற்குத் தாம் கண்ட சிகிச்சையின் பேற்றினை 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். றைபோபிளவின் துளியிட்டு, ஊதாக்கடந்த கதிரை 30 நிமிடம் பாய்ச்சி, கொலாஜன் இழைகளைப் பிணைத்த 23 கண்களிலும் நோய் தடைப்பட்டது. எனினும் அவதானிப்பு 4 ஆண்டுகளைத் தாண்டவில்லை. 18 வயதினரின் கண்ணுக்கு அது எம்மாத்திரம்?

பின்வந்த 10 ஆண்டு முடிவுகள் பெரிதும் நம்பிக்கை தருவனவே. ஆயினும் வருவதுரைத்தல் எளிதன்று. வளைவு 58 டயொப்ரரைக் கடந்த கண்ணிலும், சிறுவர் கண்ணிலும் நோய் மீளத் தலைதூக்கக் கூடும். வேறொரு சிக்கலும் உண்டு. வயதேற விழிவெண்படலம் இயல்பாகவே இறுகுகின்றது. 40 வயதில் அசையாது நிற்கும் கண்ணைக் காத்தது கதிரா, காலமா? சிகிச்சை பெறாத அதே கண் ஒப்பிடக் கிடைப்பதில்லையே! ஆதலின் மருத்துவர், சிகிச்சை பெற்ற இளைஞரை ஆண்டுதோறும் அழைத்துப் படலத்தின் வளைவையும் தடிப்பையும் அளந்து வருகின்றனர்.