உம்மாவுக்கு ஒரு குசினி

எங்கள் குசினி ஒரு தற்காலிகக் குசினி. அதற்கு என்னைவிட வயது அதிகம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி பொங்கி வந்த கடல், மருதமுனையில் மூத்தம்மாவின் பழைய வீட்டை அள்ளிக்கொண்டு போனது. பிறகு கிடைத்த உதவிப் பணத்தில் இரண்டு அறைகளும் ஒரு ஹோலும் முன்விறாந்தையும் எழும்பின. அதோடு பணம் முடிந்துவிட்டது. மூத்தாப்பா பின்பக்கத்தில் நான்கு சுவர் வைத்து, தகரம் போட்டு, "குசினியைப் பிறகு பார்ப்போம்" என்றாராம். மூத்தாப்பா மௌத்தாகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. அந்தப் "பிறகு" போன வருடம் வரைக்கும் வரவில்லை.

பத்து அடி நீளம், எட்டு அடி அகலம். ஒரு கதவு. ஜன்னல் கிடையாது. தரையில் விறகு அடுப்பு. மூலையில் மேசை, அதன்மேல் கேஸ் அடுப்பு. தண்ணீருக்கு வெளியே கிணற்றடிப் பைப்புக்குப் போக வேண்டும். மழைக் காலத்தில் இரண்டு இடங்களில் ஒழுகும். அந்த இரண்டு இடங்களிலும் எந்தச் சட்டியை வைக்க வேண்டும் என்பது என் தம்பிக்குக்கூடத் தெரியும்.

இந்தக் குசினியில்தான் உம்மா ஒவ்வொரு நாளும் சுபஹுக்கு முன் எழும்பி இருநூற்றைம்பது இடியப்பம் அவிக்கிறார். இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். வாப்பா கல்முனையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். வாப்பாவின் சம்பளத்தில் வீடு நடக்கிறது. உம்மாவின் இடியப்பத்தில் எங்கள் ரியூஷன் நடக்கிறது.

2022ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் முழுச் சமையலும் விறகுக்கு மாறியது. பிறகு கேஸ் தாராளமாகக் கிடைத்தது. ஆனால், விலையைப் பார்த்த உம்மா இடியப்பத்தை விறகிலேயே அவித்து வந்தார். அந்த வருடம் தொடங்கிய இருமலும் நிற்கவில்லை. உம்மாவைப் பார்த்த டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "முதலில் புகையைக் குறைக்கப் பாருங்கள்" என்றார். விறகு போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் உண்டாகும் புகை, 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை வாசித்த அன்றிரவு, உம்மாவின் இருமல் சத்தம் எனக்குப் புதிதாகக் கேட்டது.

உம்மா ஒரு சீட்டில் இருந்தார். பதினைந்து பேர், மாதம் பத்தாயிரம். ஆறாவது மாதம் உம்மாவின் பெயர் விழுந்தது. கையில் 150,000 ரூபாய். அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு யோசனை இருந்தது.

வாப்பாவின் ராத்தா, எங்கள் மாமி, அடித்துச் சொன்னார்: "ஹோலுக்கு டைல்ஸ் போடுங்க. பொம்புளப் புள்ள இருக்கிற வீடு. நாளைக்கு வாற ஆக்கள் குசினியையா பார்க்கப் போறாங்க?"

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாப்பா என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. "மாமி, அந்த ஹோல் இருபது வருஷமா நல்லாத்தான் இருக்கு. குசினிதான் இருமுது" என்றேன். வாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தோடு, குசினி செய்வது என்று முடிவாகிவிட்டது.

திட்டம் போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உயர்தரத்தில் மனைப்பொருளியல் படிக்கிறேன் என்ற பெருமை. புதுக் கொப்பி ஒன்றை எடுத்து முதல் பட்டியலை எழுதினேன்: பென்ட்ரி கபேட், தரைக்கு டைல்ஸ், சுவருக்கு டைல்ஸ், தொங்கும் விளக்கு. போனில் பார்த்த படங்கள் எல்லாம் அதில் இருந்தன. கடைகளில் விலை விசாரித்துக் கூட்டிப் பார்த்தபோது 412,000 ரூபாய் வந்தது. கொப்பியை மூடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பாடத்துக்காகத் தேடியபோது ஒரு தகவல் கிடைத்தது. 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்தில், தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்காக மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். எங்கள் குசினியின் அகலம் அதைவிடக் கூட! சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வருகிறது என்று பார்த்துத்தான் அது திட்டமிடப்பட்டது. நானோ கடையிலிருந்து தொடங்கியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்குக் கொப்பியும் பென்சிலுமாகக் குசினி வாசலில் உட்கார்ந்தேன். "என்ன புள்ள, பரீட்சையா?" என்றார் உம்மா. "ஓம் உம்மா, உங்களுக்கு" என்றேன்.

ஆறரை மணி வரை எண்ணினேன். தண்ணீருக்காகவும் கழுவுவதற்காகவும் உம்மா வெளியே போய் வந்தது 23 தடவை. தரை அடுப்புக்குக் குந்தி எழும்பியது 41 தடவை. ஒவ்வொரு தடவையும் இடது கையை முழங்காலில் ஊன்றித்தான் எழும்பினார். புகை கூடும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவடிக்கு வந்தது 9 தடவை. பதினேழு வருடங்களாக அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். இதை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கக் கூடிய இடத்தில்தான் இருந்தேன், பார்க்கவில்லை.

இரண்டாவது பட்டியல் அந்த எண்களிலிருந்து வந்தது. புகை போக ஒரு புகைக்கூடும் ஒரு ஜன்னலும். குந்தாமல் நின்று வேலை செய்ய எட்டு அடி நீளத்தில் கொங்கிறீட் மேடை. விறகு அடுப்பும் அதன் ஒரு முனையில், புகைக்கூட்டுக்கு நேர் கீழே. உள்ளேயே ஒரு சிங், பைப், தண்ணீர் வெளியே போக வழி. ஒழுகும் இரண்டு தகரங்களை மாற்ற வேண்டும். அதில் ஒன்று வெளிச்சம் விடும் தகடு. ஒரு விளக்கு, இரண்டு பிளக். பென்ட்ரி கபேட் இல்லை. தொங்கும் விளக்கு இல்லை.

பக்கத்துத் தெரு மேசன் காக்கா வந்து பார்த்து அளவெடுத்தார். அவரும் உதவியாளும் எட்டு நாள் வேலை. கூலி மட்டும் 56,000. சீமெந்து, மண், கல், கம்பி, சிங், வயரிங் எல்லாம் சேர்த்து 161,900 ரூபாய். கையில் இருப்பதைவிட 11,900 அதிகம். நான் எதை வெட்டலாம் என்று யோசிக்கும்போது மேசன் காக்கா இன்னொன்றும் சொன்னார்: "தங்கச்சி, பழைய சுவரில கை வைக்கிறண்டா பத்துப் பதினைஞ்சாயிரம் தனியா வைங்க. உள்ளுக்கு என்ன கிடக்குண்டு இடிச்சாத்தான் தெரியும்."

மூன்று இரவு அந்தப் பட்டியலோடு இருந்தேன். இடிப்பதையும் கல் சுமப்பதையும் வாப்பாவும் தம்பியும் லீவு நாட்களில் செய்தால் உதவியாளின் மூன்று நாள் கூலி, 9,000 மிச்சம். டைல்ஸ் மேடைக்கு மட்டும் போதும், சுவருக்கு வேண்டாம், 3,500 மிச்சம். தரையைப் பெருநாளுக்குப் பிறகு செய்யலாம் என்று தள்ளிவைத்தால் சீமெந்திலும் மண்ணிலும் 15,000 மிச்சம். ஜன்னலும், உடைத்த வீடொன்றிலிருந்து வாங்கியதைத்தான் கணக்கில் சேர்த்திருந்தேன். ஓடாவியார் அதைச் சீவிக் கொடுத்தார். ஆக 134,400. மீதி 15,600 ரூபாயை ஒரு உறையில் போட்டு, "சுவருக்குள் இருப்பதற்கு" என்று எழுதி உம்மாவின் அலுமாரியில் வைத்தேன்.

மேசன் காக்கா சொன்னது சரியாகிவிட்டது. இரண்டாம் நாள், ஜன்னலுக்கு வெட்டிய இடத்தில் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்தது. கடல் மண்ணில் அவசரமாகக் கட்டிய சுவர். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கட்ட 11,200 ரூபாய் போனது. அந்த உறை இல்லாவிட்டால், பாதி இடித்த குசினியோடு இன்னொரு "பிறகு" தொடங்கியிருக்கும்.

ஆனால், எங்கள் வீட்டில் உண்மையான சண்டை காசைப் பற்றி வரவில்லை. ஒரு சதமும் செலவாகாத நான்கு அங்குலத்தைப் பற்றித்தான் வந்தது.

மேடையின் உயரத்தைச் சமைப்பவரின் முழங்கையை வைத்து அளக்க வேண்டும். முழங்கையிலிருந்து நான்கு, ஐந்து அங்குலம் கீழே இருந்தால் தோளும் முதுகும் நோகாது. உம்மா குள்ளம். கணக்குப்படி உம்மாவுக்கு 32 அங்குலம் வந்தது. நான் வாப்பாவின் சாயல், எனக்கு 36. கொப்பியில் 32 என்று எழுதி வட்டம் போட்டு மேசன் காக்காவிடம் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால், சிலாப்புக்கு அடித்திருந்த பலகை உயரமாக இருந்தது. அளந்தேன். 36.

"உம்மாதான் மாத்தச் சொன்னாங்க" என்றார் மேசன் காக்கா.

உம்மா முற்றத்தில் அரிசி மா அரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "எனக்கு இனி எத்தன நாளைக்கு மகள்? இது ஒன்ட வீடு. ஒன்ட உயரத்துக்கு இருக்கட்டும்."

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு மகள் பெயருக்கு எழுதப்படும். பெற்றோர் பின்னறைக்கோ பக்கத்துக் காணிக்கோ ஒதுங்கிவிடுவார்கள். மூத்தம்மாவும் அப்படித்தான் ஒதுங்கினார். இது எனக்கு எப்போதும் தெரிந்த விடயம்தான். ஆனால், உம்மா தன் சீட்டுக் காசில், தன் இருமலுக்காகச் செய்யும் மேடையையும் எனக்கு அளந்து வைத்துவிட்டு ஒதுங்கத் தயாராக இருக்கிறார் என்பதை அன்றுதான் கண்டேன். இன்னும் ஒன்பது மாதம் அந்தச் சீட்டை உம்மாதான் இடியப்பம் அவித்துக் கட்ட வேண்டும்.

நான் அழுதேன். உம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. "கம்பஸ் போனா நாலு வருஷம் நான் இங்க இருக்கவே மாட்டன்" என்றேன். "திரும்பி வருவாய்தானே" என்றார்.

குசினி விடயத்தில் வாயே திறக்காத வாப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்தார். இருவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முற்றத்தில் கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்து, சரியாக 36 அங்குலத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே போய் இடியப்ப உரலை எடுத்து வந்தார். "மாவப் போட்டு ஒருக்காப் பிழிங்க பார்ப்பம்" என்றார் உம்மாவிடம்.

உம்மா பிழிந்தார். அழுத்தும்போது குதி இரண்டும் நிலத்தைவிட்டு எழும்பின. தோள் காது வரைக்கும் போனது. நான்காவது இடியப்பத்தில் மூச்சு வாங்கி, இருமினார்.

வாப்பா ஒரு வரிசைக் கல்லைக் குறைத்தார். 32. உம்மா மறுபடி பிழிந்தார். குதி நிலத்திலேயே நின்றது. நாங்கள் ஒருவரும் பேசவில்லை.

மேசன் காக்காதான் சொன்னார்: "மச்சி, பதிஞ்ச மேடைக்குப் பலகை போட்டு உசத்தலாம். உசந்த கொங்கிறீட்ட என்னால பதிக்க ஏலா."

உம்மா கையில் ஒட்டியிருந்த மாவை வழித்தார். "சரி, இறக்குங்க" என்றார்.

வேலை முடிந்து நான்கு மாதங்களாகிவிட்டன. உறையில் மிஞ்சிய 4,400 ரூபாயை உம்மா அடுத்த மாதச் சீட்டில் சேர்த்துவிட்டார். தரை இன்னும் பழைய தரைதான். மாமி வந்து பார்த்துவிட்டு, "டைல்ஸ் கலர் வேற எடுத்திருக்கலாம்" என்றார். ஆனால், ஜன்னலடியில் அரை மணி நேரம் நின்று கதைத்தார். உம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ், முழுதாக நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் வாப்பா சுபஹ் தொழுதுவிட்டு வந்து நூறு இடியப்பம் பிழிகிறார். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவுபவர்களாக இருந்ததை இஸ்லாம் பாடத்தில் நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். எங்கள் வீட்டில் அந்தப் பாடம் நடக்க ஒரு மேடை தேவைப்பட்டது. வாப்பாவுக்கும் அது பதிவுதான், குனிந்துதான் பிழிகிறார்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு நாள் குசினி திருத்துவார்கள். கடைக்குப் போகும் முன் ஒரு காலை வாசலில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அளவு நாடாவை முதலில் சுவரில் வைக்காதீர்கள். உம்மாவின் முழங்கையில் வையுங்கள்.

நேற்று நான் அந்த மேடையில் வெங்காயம் வெட்டினேன். பத்து நிமிடத்தில் முதுகு நோவெடுத்தது. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தேன். அடுப்படியில் நின்ற உம்மா சிரித்தார்.

"நான் அப்பவே சொன்னன்" என்றார்.