மலர்ப் பள்ளத்தாக்கிற்கு ஒரு யாத்திரைத் திட்டம்

விடுமுறை கிடைத்தால் ஊருக்கு ரயிலேறுவதே தில்லித் தமிழர்களாகிய நம் வழக்கம். இவ்வாண்டு எங்கள் குடும்பத்தார் வடதிசை நோக்கிச் செல்ல உத்தேசித்துள்ளோம். பிற அன்பர்களுக்கும் பயன்படக்கூடும் என்றெண்ணி அத்திட்டத்தை இங்கு வரைகிறோம்.

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்திலுள்ளது மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா. 1931-இல் காமேத் சிகரமேறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர் இதனைக் கண்டு வியந்து, பின்னர் நூலெழுதி உலகறியச் செய்தார். 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்று, 2005-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஹரித்துவாரம் வரை ரயில். பயண நாளை நீக்கி 60 நாட்களுக்கு முன்பே இடம் பதியலாம். ரயில்வே ஊழியர்களாகிய எங்களுக்குப் பாஸ் உண்டெனினும், இடத்திற்கு அதே வரிசைதான். ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமடம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மலைப்பாதையாதலின் ஒரு பகல் முழுதும் ஆகும். அப்பால் கோவிந்தகாட், புல்னா வரை வண்டி. பின்னர்க் காங்கரியா வரை சுமார் 10 கிலோமீட்டர் நடை. கோவேறு கழுதைகள் காங்கரியா வரை கிடைக்கும். பூங்காவிற்குள் அவற்றிற்கு அனுமதியில்லை. பூங்காவில் இரவு தங்கவும் இயலாது. காலையிற் சென்று மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

பூங்கா ஜூன் முதல் அக்டோபர் இறுதி வரை திறந்திருப்பினும், மலர்கள் செழித்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரைதான். பூக்களைத் தரும் அம்மழையே மலைச்சரிவுக்கும் காரணமாகிச் சாலையை அடைத்துவிடுகிறது. 2013 ஜூன் வெள்ளத்தில் கோவிந்தகாட் பட்ட பாட்டை மறப்பதற்கில்லை. ஆகவே எட்டு நாட் பயணத்திற்குப் பத்து நாள் விடுப்புக் கேட்டுள்ளோம்.

அன்னையாருக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலியும் உண்டு. மலர்களைக் காட்டிலும் அவருக்குப் பெரிது, பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய பதரி. கோவிந்தகாட்டிலிருந்து பதரிநாதம் சுமார் 25 கிலோமீட்டர், வண்டியிலேயே செல்லலாம். பிள்ளைகளோ பள்ளத்தாக்கே முதலில் என்கின்றனர். வீட்டில் சில இரவுகள் விவாதம் நடந்தது.

முடிவில், அனைவரும் முதலில் பதரிக்குச் சென்று சேவித்து, அன்னையாரை எங்கள் தமக்கையாரின் துணையோடு ஜோஷிமடத்தில் விட்டு, மற்றவர் மலையேறுவதென்று ஏற்பாடு. சாலை அடைபட்டு நாட்கள் கரைந்தால் கைவிடுவது பள்ளத்தாக்கையேயன்றிப் பதரியை அன்று. இதனைப் பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவிட்டோம்.

மழையங்கி, கம்பளி, வழுக்காத காலணி ஆகியவற்றோடு புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் மூட்டையில் ஏறியாயிற்று. பூக்கள் மறு ஆண்டும் பூக்கும். அன்னையார் அத்தனை தூரம் மறு ஆண்டும் வர இயலுமோ, அறியோம்.