பொறையும் அன்பும்

தமக்கு இனியவரிடத்தில் இனியராய் இருத்தல் யார்க்கும் இயல்வதே. நம் அமைதியை நாள்தோறும் குலைப்பார் ஒருவரோடு ஓரறையில் வாழ நேரும்பொழுதுதான், அன்பைப் பற்றி நாம் கற்றது எத்துணை, கைக்கொண்டது எத்துணை என்பது புலனாகும். மாணவர் விடுதி இவ்வகையில் மிகவும் கண்டிப்பான ஆசிரியன். அவ்வாசிரியனிடம் யான் கற்ற பாடம் ஒன்றை, என் பிழையை மறையாது, ஈண்டு எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு எனக்கு அறைத்துணையாய் வாய்த்தவர் என்னினும் ஓராண்டு மூத்தவர், இயற்பியல் பயில்பவர். என் வாளியையும் சோப்பையும் கேளாமலே எடுத்தாள்வார். என் மேசைமீது ஈரத்துணியை இட்டுச் செல்வார். இரவு 11 மணிக்குமேல் கைபேசியில் உரத்த குரலில் உரையாடுவார். படுக்குமுன் யான் முழந்தாளில் நின்றால், "என்ன ஐயரே, ஜெபத்தில் என் பெயரும் உண்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

யான் ஒருகாலும் எதிர்த்துரைத்ததில்லை, முகஞ்சுளித்ததுமில்லை. அவர் காய்ச்சலுற்றுக் கிடந்த நான்கு நாளும் உணவுக்கூடத்திலிருந்து கஞ்சி வாங்கி வந்து கொடுத்தேன். அடுத்த அறை நண்பர்கள் என் பொறுமையை வியந்து பேசினர். வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தேனாயினும் என் உள்ளம் அப்புகழை மறுக்கவில்லை.

ஆயின் என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் வளர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கத்தில் அவர் செய்த தவறுகள், நாளும் நேரமும் குறித்து. வலப்பக்கத்தில் யான் பொறுத்த வகையும் செய்த உதவியும். நான்கு திங்களில் 37 குறிப்புகள் சேர்ந்தன. என்றேனும் விடுதிக் காப்பாளரிடம் முறையிட நேரின் பயன்படும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அஃதன்று. உறக்கம் வாராத இரவுகளில் அப்பட்டியலைப் படிக்குந்தோறும் எனக்குள் ஓர் இன்பம் எழுந்தது. அவர் தாழத் தாழ யான் உயர்ந்தேன்.

பருவத் தேர்வு அணுகியது. முதலாண்டில் தவறவிட்ட தமிழ்த் தாளை அவர் மீண்டும் எழுதவேண்டியிருந்தது. திருக்குறட் பகுதிக்கு என் குறிப்பேட்டைக் கேட்டார். பட்டியலின் நினைவே இன்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மாலை அறைக்குத் திரும்பியபொழுது, அவர் கட்டிலில் அமர்ந்திருந்தார். குறிப்பேடு அவர் மடியில், கடைசிப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. சினந்து பேசுவார் என்று அஞ்சினேன். அவர் சினக்கவில்லை.

"நீ எழுதியது எல்லாம் உண்மைதான், தம்பி. இதில் ஒன்றையாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். சற்றுப் பொறுத்து, "காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுத்தாய். அதையுமா எழுதி வைத்தாய்?" என்றார்.

அவ்விரண்டாம் வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

அன்றிரவு அக்குறிப்பேட்டை முன்பக்கத்திலிருந்து புரட்டினேன். திருக்குறளின் 32ஆம் அதிகாரமாகிய இன்னாசெய்யாமைக்கு யான் எழுதிய குறிப்பு அதில் இருந்தது. தீங்கு செய்தாரை ஒறுக்கும் வழி, அவர் நாணுமாறு நன்மை செய்துவிடுவதே என்று வள்ளுவர் கூறுமிடத்தில், பரிமேலழகர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். அவர் செய்த தீமை, நாம் செய்த நன்மை ஆகிய இரண்டையும் மறந்துவிட வேண்டும் என்பது அவர் உரை. மறவாவிடின் அவை மீண்டும் முளைத்துக் கிளைக்கும் என்பது அவர் காட்டும் காரணம். இதனை யானே அழகாக எழுதி, கீழே கோடும் இட்டிருந்தேன். அதே ஏட்டின் மறுகோடியில் இரண்டையும் மறவாமைக்கு வழி செய்திருந்தேன்!

பவுல் அடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் நம் ஆலயங்களில் பலமுறை வாசிக்கக் கேட்பது. அன்பு தீங்கை மனத்திற் கொள்ளாது என்று அவர் சொல்லுமிடத்துக் கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல், கணக்கிட்டு வைத்தலையும் குறிப்பது. யான் பொறுமை என்று எண்ணியிருந்தது ஒரு வணிகனின் பொறுமை. கடனைக் கேளாதிருந்தேன், தள்ளுபடி செய்தேன் அல்லேன்.

அவரது முதல் வினாவும் என்னை விட்டபாடில்லை. வாய்மூடி இருத்தலே கிறிஸ்தவப் பண்பு என்று யான் கருதியிருந்தேன். சகோதரன் குற்றம் செய்தால் அவனிடம் தனித்துச் சென்று அதனை உணர்த்த வேண்டும் என்றல்லவோ மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் கற்பிக்கிறார்? யான் சென்றது என் குறிப்பேட்டினிடம்! மறுகன்னத்தையும் காட்டுக என்றருளிய அவரே, பிரதான ஆசாரியன் முன்னிலையில் சேவகன் ஒருவன் தம்மை அறைந்தபொழுது திருப்பி அறையவும் இல்லை, பேசாதிருக்கவும் இல்லை. தாம் தவறாகப் பேசியிருந்தால் அதனைக் காட்டுமாறும், இல்லையேல் அடித்தது ஏன் என்றும் கேட்டதாக யோவான் எழுதுகிறார். அறைந்தவனையும் மனச்சான்று உடையவனாக மதித்துக் கேட்ட கேள்வி அது. என் மௌனத்தில் அம்மதிப்பு இருந்ததில்லை. "இவரிடம் சொல்லிப் பயனில்லை" என்று தீர்ப்பெழுதிவிட்டே யான் பொறுத்தேன்.

இங்கு ஒன்று சொல்லல் வேண்டும். வலியார் மெலியாரைத் துன்புறுத்துமிடத்தில், மெலியாரைப் பார்த்துப் பொறுத்துக்கொள்க என்று உபதேசித்தல் அன்பாகாது. ஆங்கு அவர்க்குத் துணை நிற்பதே அன்பு. யான் கூறுவது, வாளியும் ஈரத்துணியும் போன்ற சிறு பூசல்களைப் பெரும்பகையாக வளர்க்கும் நம்மனோர் இயல்பையே.

மறுநாட் காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பட்டியலைக் கிழித்தெறியுமுன் அதிலிருந்து ஒன்றை மட்டும் வாய்விட்டுக் கேட்டேன்: "அண்ணா, இரவில் ஏன் அவ்வளவு உரக்கப் பேசுகிறீர்கள்?" அவர் தந்தையார் நூற்பாலைத் தொழிலாளர். பணிமுறை முடிந்து அவர் வெளியே வருவது இரவு 11 மணிக்கு. பல்லாண்டு எந்திர ஓசையில் வேலை செய்து செவிப்புலனும் குறைந்துவிட்டது. நான்கு திங்கள் ஓரறையில் வாழ்ந்தும் இதனை யான் கேட்டறிந்திலேன். அன்று முதல் அவர் வெளிமுற்றத்திற்குச் சென்று பேசலானார். ஈரத்துணிக்குக் காரணம் ஏதும் இருக்கவில்லை; அது வெறும் அசட்டையே. அதனை அவரே ஒப்புக்கொண்டார். பின்னரும் இரண்டொரு முறை இட்டார். இப்பொழுது யான், "அண்ணா, துணி" என்பேன், அவர் எடுத்துக்கொள்வார்.

இக்கட்டுரையை அவர் இசைவு பெற்றே எழுதினேன். முழுவதும் படித்துவிட்டு, சோப்பை எடுத்தது உண்மை, வாளி பெரும்பாலும் தம்முடையதே என்று ஒரு திருத்தம் கூறினார். அவ்வாறே இருக்கலாம், ஒத்துப்பார்க்கக் கணக்கேடு இப்பொழுது என்னிடம் இல்லை.

ஜெபத்தில் தம் பெயர் உண்டா என்று அவர் நகைத்துக் கேட்ட நாட்களில் அது மெய்யாகவே என் ஜெபத்தில் இல்லை. இப்பொழுது உண்டு.