மலையேறும் வண்டிக்கு எந்தப் பெற்றோல்?

பதுளையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறுங்கால் எமது பழைய எம்.ஜி.பி. காரின் எஞ்சினுள் "டொக் டொக்" என ஓசை எழுமாயின் எமக்கு நெஞ்சு பதைக்கும். முற்றினால் பிஸ்டனையே துளைத்துவிடும் தட்டல் அது.

92 ஒக்டேனா, 95 ஒக்டேனா? எண் உயர்ந்தால் வலுவும் உயருமென்பது வீண் பிரமை. தட்டலைத் தாங்கும் திறனையே அவ்வெண் குறிக்கும். 1962இல் வெளிவந்த இவ்வினக் காரின் அமுக்க விகிதம் 8.8, ஆதலின் 95ஐயே ஊற்றுகிறோம். 7.25 விகிதமுடைய முந்திய எம்.ஜி. டி.டி. வண்டிக்கோ 92 தாராளம். மலைக்காற்று ஐதாதலின் தட்டல் சற்றே தணியும். ஆயினும் உயர்ந்த கியரிலேயே முக்கி முக்கி ஏற்றுவோருக்கு அவ்வனுகூலம் கிட்டாது.

ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் இலங்கையில் ஒழிந்தது. வால்வு இருக்கைகளின் தேய்மானத்தைத் தடுத்து வந்தது அவ்வீயமே. இனி வன்மையான இருக்கைகளைப் பொருத்துதல் வேண்டும். 95 அதற்கு மருந்தாகாது. செலவு பெரிதுதான், எனினும் வண்டியை விற்க வீட்டில் எவரும் இசைவதாயில்லை.