வெட்டும் ஒட்டும்

ஒளியின் இயல்பை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்திய பேரறிஞர்களுள் முன்வரிசையில் நிற்பவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆவார். இருண்ட அறையொன்றின் சிறு துளைக்கு எதிரே விளக்குகள் பலவற்றை வரிசையாக வைத்தார் அவர். உள்ளே சுவரில் விளக்குகளின் எண்ணிக்கைக்கேற்ப ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. மறைப்பை நீக்கினால் மீண்டும் தோன்றியது. ஒரே துளையின் வழியே நுழைந்தும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதை இவ்வெளிய சோதனையால் நிறுவினார். பதினோராம் நூற்றாண்டில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' இதனை விளக்குகிறது. இன்று நம் பிள்ளைகள் ஏந்தும் கேமராவும் அடிப்படையில் துளையுள்ள ஓர் இருட்டறையே அன்றோ!

இப்பெருமையை மேடைதோறும் பேசி மகிழும் நம் இல்லங்களில், "படக்கலை பயிலப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் வாப்பாவின் முகம் மாறுகிறது. உம்மாவின் கண்கள் கலங்குகின்றன. இக்கலக்கத்தை அறியாமை என்று ஒதுக்க நாம் ஒருப்படோம். உருவம் வரைதல் பற்றிய மார்க்கத்தின் எச்சரிக்கையும், திரைப்படங்கள் பல பரப்பும் ஒழுக்கக் கேடும் அதன் பின்னே உள்ளன. நிழற்படம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், நிழற்படம் எடுப்பது புதிதாக உருவம் சமைப்பதன்று, உள்ள நிழலை ஒரு கருவியால் நிறுத்தி வைப்பதே என விளக்கி, அதனை அனுமதித்தார்கள். மாறாகக் கூறிய மேதைகளும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் பணியன்று. எனினும், 1982இல் தில்லி ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவில், அன்றைய துணைவேந்தர் அன்வர் ஜமால் கித்வாய் அவர்களின் முயற்சியால், கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தின் துணையோடு, இக்கலையைக் கற்பிக்கும் மையம் தொடங்கப்பெற்றது என்பதை இங்கு நினைவூட்டுகிறோம். மாணவன் அங்கே உண்மையில் எதைக் கற்கிறான் என்பதை அறிந்த பின்னர் வீட்டார் முடிவெடுத்தல் நலம்.

முதற்பாடம் சிக்கனம். 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 40 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. 100 அடிச் சுருள் 2 நிமிடம் 46 நொடியில் தீர்ந்துவிடும். நாம் மாணவராய்ப் பயின்ற நாள்களில் ஆளுக்கு ஒரு சுருள்தான். அதற்குள் ஒரு செய்தியைச் சொல்லி முடித்தாக வேண்டும். ஆகவே பொத்தானை அழுத்துமுன், எதை, ஏன், எத்துணை நேரம் என்னும் மூன்று வினாக்களுக்கும் தாளில் விடை எழுதினோம். வீண்விரயத்தை மார்க்கம் கண்டிப்பதை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதன் பொருளை விரல் நுனியில் உணர்த்தியது அச்சுருளே.

இரண்டாம் பாடம் ஒழுங்கு. படமும் ஒலியும் தனித்தனியே பதிவாகின்றன. கிளாப் பலகையின் இரு மரத்துண்டுகள் மோதும் சட்டத்தையும், அம்மோதலின் ஓசையையும் பொருத்தினால்தான் பேசுபவரின் உதடும் சொல்லும் இசையும். பலகையில் எழுதிய எண்ணைக் குறிப்பேட்டிலும் அன்றே பதியாதவன், பின்னர்ச் சுருள்களுக்கிடையே தேடித் தவிப்பான்.

மூன்றாவதே படத்தொகுப்பு. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் சமுதாயப் பெண்மணி ஒருவரைப் படமாக்குவதாகக் கொள்வோம். தறியும் வீடும் தெரியும் சேய்மைக் காட்சி ஒன்று; நெய்யும் கைகளின் அண்மைக் காட்சி ஒன்று; அவர் முகம் ஒன்று; ஆற்று நீரில் ஊறும் கோரை ஒன்று; முடிந்த பாய் ஒன்று. கோரை ஊறுவதற்கு நாள்கள் ஆகும். திரையிலோ ஒரே வெட்டில் அது ஊறி, உலர்ந்து, தறிக்கு வந்துவிடுகிறது. காலத்தைச் சுருக்கும் இவ்வெட்டு பொய்யாகாது; பார்ப்பவர் அதனைச் சுருக்கம் என்றே அறிவர். ஆனால், "கூலி போதுமா?" என்னும் வினாவுக்கு அவர் மௌனமாய் இருக்க, வேறொரு வினாவுக்கு அவர் முறுவலித்த முகத்தை எடுத்து அம்மௌனத்தின் இடத்தில் ஒட்டினால்? அவர் வாயால் சொல்லாத ஒன்றை அவர் முகத்தால் சொல்ல வைத்துவிட்டோம். இரண்டும் வெட்டுகளே, முன்னது சுருக்கம், பின்னது புரட்டு.

இவ்வாற்றலை முறையாகச் சோதித்துக் காட்டியவர் ருஷ்யாவின் லெவ் குலெஷோவ். 1919இல் மாஸ்கோவில் தோன்றிய திரைப்படப் பள்ளியில் அவர் பயிற்றுவித்த காலத்தில் ஃபிலிமுக்கே பஞ்சம். மாணவர்கள் ஃபிலிமின்றி நடித்துப் பழகினர். நடிகர் ஒருவரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்து, அதன் பின்னே ஒருமுறை சூப்புக் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியையும், ஒருமுறை பெண்ணுருவையும் அவர் ஒட்டினார். பார்த்தவர்கள் பசி, துயரம், ஆசை என மூன்று உணர்ச்சிகளை அம்முகத்தில் கண்டனராம். முகம் ஒன்றே; மாறியது அண்டையில் நின்ற படம்.

இதனைக் கேட்ட மாணவருள் சிலர், "எதையும் நம்பவைக்கலாமே" என்று மகிழ்வர். நம் இல்லத்துப் பிள்ளையோ அஞ்ச வேண்டும். ஏனெனில் நம் முன்னோர் இவ்வித்தையின் தீமையை ஃபிலிம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இனங்கண்டு பெயரிட்டுள்ளனர். ஹதீஸ் கலை வல்லுநர்கள், அறிவிப்பாளர் வரிசையில் ஒருவரை மறைத்து, தாமே நேரில் கேட்டதுபோல் தோன்றச் செய்வதைத் 'தத்லீஸ்' என்றனர். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். விடுபட்ட கண்ணியிலேயே வஞ்சகம் இருக்கிறது. போதையுற்ற நிலையில் தொழுகையை அணுகலாகாது என்னும் திருமறைக் கட்டளையில் நிபந்தனையை நீக்கிவிட்டு, தொழுகையே விலக்கப்பட்டதாகக் காட்டுபவனைப் பற்றிய எச்சரிக்கையை மதரஸாவில் கேளாதார் யார்? வெட்டும் கத்தரி நாவினும் பழையதன்று. அதன் குற்றமும் புதியதன்று.

ஃபிலிமுக்குப் பின் வீடியோ நாடா வந்தது. நம் நாட்டு முறையில் நொடிக்கு 25 சட்டங்கள். ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுத்தே தொகுக்க வேண்டியிருந்தது. நடுவே ஒரு காட்சியின் நீளத்தை மாற்றினால், அதன் பின்னுள்ள அனைத்தையும் மீண்டும் பதிய வேண்டும். பிரதிக்குப் பிரதி படமும் மங்கும். கணினி வந்தபின் அத்தொல்லை ஒழிந்தது. மூலப்பதிவு சிதையாமல் இருக்க, எத்தனை முறையும் வெட்டலாம், கலைக்கலாம், மீண்டும் கோக்கலாம். இன்று கைபேசியிலேயே பத்து வயதுச் சிறுவன் இதனைச் செய்கிறான். உழைப்பு குறைந்தது, பொறுப்போ பெருகியது. ஒரு மணி நேரச் சொற்பொழிவிலிருந்து பிய்த்தெடுத்த அரை நிமிடத் துண்டு, உறவினரைப் பகைவராக்குவதையும், ஊரையே பிளப்பதையும் நாம் காணவில்லையா? அத்துண்டை எங்கே வெட்டினர் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், பாதிக் கலகம் வாசலிலேயே நின்றுவிடும்.

காட்டாமல் விடுவதும் இக்கலையின் ஒரு பாடமே. ஹலப் நகரில் பிறந்த முஸ்தபா அக்காத் 1976இல் 'தி மெஸேஜ்' படத்தை அரபியிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு தனித்தனியே எடுத்தார். அதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. எதிரே நிற்போர் கேமராவை நோக்கிப் பேசுகின்றனர், அவ்வளவே. அப்படம் பற்றிய கருத்துகள் பலவாயினும், வரம்புக்குள் நின்று ஒரு கதையைச் சொல்ல முயல்பவன் புது வழி தேடியாக வேண்டும் என்பதற்கு அது சான்று.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: பிள்ளையிடம் கருவியின் விலையைக் கேட்பதோடு அமையாதீர்கள். எடுத்ததில் எதை நீக்கினாய், ஏன் நீக்கினாய், நீக்கியதைப் படத்தில் உள்ளவர் பார்த்தால் ஒப்புவாரா என்று கேளுங்கள். பிறர் முகமும் குரலும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை உணர்ந்த பிள்ளை, ஒளிப்பதிவு மேசையில் அமர்ந்திருந்தாலும் சாட்சிக் கூண்டில் நிற்பவனே ஆவான். நேரிய சாட்சிகளாய் நிற்கும் உறுதியை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.